பின் சீட்டுக்காரன்

தினேஸ்வரி வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் வரும். வெளியிலிருந்து யாரையாவது அழைத்துப் பேசவைத்து, கடைசியில் ஆளுக்கொரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பொட்டலத்துக்காகத்தான் அவளும் கேன்டீனில் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் ஏறியவன் யுகேந்திரன்.

இருபத்து நான்கு வருடங்களில் அவனுக்கு வயிறு விழுந்திருந்தது. தலை பாதி காலி. ஈப்போவில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்புக்குத் தலைவர், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர் என்று அவனை அறிமுகப்படுத்தினார்கள். தினேஸ்வரி தலையில் வலைத்தொப்பியும் முகத்தில் மூடியும் போட்டிருந்தாள். அவன் கண் அவள்மேல் பட்டு நகர்ந்தது. அடையாளம் தெரியவில்லை.

"சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டம். என் உயிர் நண்பன் பவித்ரன்," என்று ஆரம்பித்தான். "மோட்டார் அவனோடது, ஓட்டினதும் அவன்தான். நான் பின்னால உக்காந்து, மெதுவா போடா, மெதுவா போடான்னு கத்திக்கிட்டே வந்தேன். கேக்கல. வளைவுல ஒரு பெரியவர் சைக்கிள்ல வந்தாரு. ரெண்டு பேரும் அந்த எடத்துலயே போய்ட்டாங்க. நான் மட்டும் பொழைச்சிருக்கேன், இத உங்ககிட்ட சொல்றதுக்காக."

பின்னால் திரையில் பவித்ரனின் படம் வந்தது. இருபது வயது, அரும்பு மீசை. படத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் முழங்கை மட்டும் வெட்டுப்படாமல் தெரிந்தது. அது தினேஸ்வரியின் முழங்கை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட கடைசித் தீபாவளிப் படம் அது.

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் பொட்டலத்தை வாங்காமலே வெளியே வந்தாள்.

அன்றைக்கு அவளும் அவன் சொன்னதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். அண்ணன்தான் ஓட்டினான், அண்ணனால்தான் சைக்கிளில் வந்த ஐயாவு செத்தார் என்று நம்பித்தான் அந்தக் குடும்பமே தோட்டத்தை விட்டு வந்தது. ஐயாவு அவர்கள் லயத்து வீட்டு வரிசையில் நான்காவது வீட்டுக்காரர்; ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர். அவர் மனைவி பச்சையம்மா காரியம் முடிந்த மறுநாள் வந்து, வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அம்மா மாரியம்மா தோட்டத்துக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. அப்பா ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுக்கு வீடு மாறி, ஆறே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். சாகும்வரை மகன் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை.

நம்பிக்கொண்டிருந்தாலும், அண்ணனின் சாவைத் திரைபோட்டுக் காட்டிக் கைதட்டு வாங்குவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் பின்புறம் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த நீலத் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். அடியில் அந்த வண்டி கிடந்தது. யமஹா டி.இசட்.எம்., நூற்றைம்பது சிசி, டூ ஸ்ட்ரோக். போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. இரும்புக் கடைக்குப் போட அப்பா மூன்று தடவை லாரியைக் கூட்டி வந்தார். மூன்று தடவையும் அம்மா குறுக்கே நின்றாள்.

"இத என்னா பண்ணப்போற?" என்று அம்மா கேட்டாள்.

"ஓடவைக்கப் போறேன்."

"எதுக்கு?"

அவள் தார்ப்பாயை மடித்து ஓரமாகப் போட்டாள். அண்ணனின் பெயரில் மிஞ்சியிருப்பது ஒரு நொறுங்கின வண்டியும் யுகேந்திரனின் பேச்சும்தான் என்று இருக்கக்கூடாது. அவ்வளவுதான் தோன்றியது.

இயந்திரம் அவளுக்குப் புதிதல்ல. கையுறை அச்சுகளை இழுத்துப் போகும் நீளச் சங்கிலி அறுந்தாலும், பேரிங் கத்தினாலும் தொழிற்சாலையில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போர்ட்டிக்கோவிலிருந்த காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, பழைய மெத்தை விரிப்பில் வண்டியைச் சாய்த்து வைத்தாள். சனி ஞாயிறு எல்லாம் அதிலேயே போயிற்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஒன்பதாம் நாள் கழற்றினாள். பெட்ரோல் தொட்டிக்குள் வினிகரும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தாள். முன் ஃபோர்க் வளைந்திருந்தது, வேறு வாங்கினாள். சிலிண்டரை ஈப்போவில் லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனை ஃபேஸ்புக் குழுவில் தேடிப் பிடித்தாள். "அக்கா, இது உங்க ஹஸ்பண்ட் மோட்டாரா?" என்று கேட்ட ஒருவனுக்கு, "என்னோடது" என்று பதில் போட்டாள்.

பின் சக்கரத்தை மட்டும் கடைசியாகத்தான் தொட்டாள். அதைக் கழற்றியபோது சங்கிலி ஓடும் பல்சக்கரத்துக்கும் அதன் பின்னாலிருந்த தட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கிரீஸ் கட்டி என்று நினைத்து ஸ்குரூ டிரைவரால் நெம்பினாள். வெளியே வந்தது கிரீஸ் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவினாள். ரப்பர். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு. அதில் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் துணியின் நூல். துணியில் பச்சைக் கோடு.

பச்சைக் கோடு போட்ட வெள்ளைச் சப்பாத்து பவித்ரன் காலில் போடுவது. அவனுடைய இடது குதிகால் சீவிப்போயிருந்ததை, உடம்பு வீட்டுக்கு வந்த அன்று அவள் கண்ணால் பார்த்தாள்.

துண்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சக்கரத்தை அதன் இடத்தில் வைத்தாள். வண்டியை நிமிர்த்தி ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்து இடது காலை மிதியில் வைத்துப் பார்த்தாள். குதிகாலுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் முழங்கை நீளம் இடைவெளி. காலை எப்படித் திருப்பினாலும் எட்டவில்லை. இறங்கிப் பின் சீட்டில் ஏறினாள். அங்கே இடது மிதி முறிந்து கிடந்தது. மிதி இல்லாத இடத்தில் காலைத் தொங்கவிட்டாள். குதிகால் நேராகப் போய்ச் சங்கிலியில் இடித்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் யுகேந்திரனுக்கு இரண்டு மணிக்கட்டிலும் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மோதுகிறவனுக்குத்தான் அது உடையும்.

அம்மா சமையலறையிலிருந்து, "சாப்பிட வாரியா?" என்று கூப்பிட்டாள். "வாரேன்" என்றாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒரு பொய்க்காகத் தலைகுனிந்தே செத்தார் என்பதை எந்த வாயால் சொல்வது? முதலில் அவன் அழியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

தேடிப் போக வேண்டிய வேலையே இல்லாமல் அவனே வந்தான். ஃபேஸ்புக் குழுவில் அவள் போட்ட வண்டியின் படத்தைப் பார்த்து வீட்டை விசாரித்திருக்கிறான். ஒரு சனிக்கிழமை காலை, பெரிய வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"தினேஸ், எப்படி இருக்க? அம்மா நல்லா இருக்காங்களா?" என்றவன், வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "அடடா, ஏன் இத ரிப்பேர் பண்ணிட்ட? ஒடஞ்ச மாதிரியே இருந்திருந்தா ஸ்கூல் ஸ்கூலா கொண்டுபோய் வச்சிருக்கலாம்லா. பிள்ளைங்களுக்கு ஒரு பாடமா இருக்கும்."

அவள் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்பேனர் சுத்தமாகத்தான் இருந்தது.

"ஓடுற வண்டியா இருந்தா வேணாமா?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். அடுத்த மாதம் கடைசி ஞாயிறு சுங்கை சிப்புட்டில் கிளப்பின் சாலைப் பாதுகாப்பு ஊர்வலம்; திடலில் ஆரம்பித்து பழைய தோட்டத்து ரோடு வரைக்கும் போய்த் திரும்புவது. "அதுல மொத ரவுண்டு நான் இத ஓட்டினா எப்படி இருக்கும்? பவி நெனைவா. எல்லாரும் அழுதுருவாங்க."

"ஓட்டு. அதுக்குள்ள நல்லா டியூன் பண்ணி வைக்கிறேன்," என்றாள்.

அவன் போன பிறகு கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொல்வது சுலபம். கார்புரேட்டருக்கு அடியில் பித்தளையில் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஜெட் என்பார்கள். அதன் நடுவில் ஊசித்துளை. முழு வேகத்தில் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அந்தத் துளைதான் அளக்கிறது. துளை பெரிதாக இருந்தால் வண்டி புகைந்துகொண்டு இழுக்கும். சரியாக இருந்தால் ஓடவிட்டுக் கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் நுனி கோப்பி நிறத்தில் இருக்கும். சிறிதாக இருந்தால் வண்டி முதலில் இன்னும் துடியாக ஓடும், ஓட்டுகிறவனுக்குக் குஷியாக இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போய், பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். அந்த நொடியில் பின் சக்கரமும் பூட்டு போட்டது மாதிரி நிற்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அப்படி நின்றால் ஓட்டுகிறவன் காற்றில்தான் போவான்.

முதலில் சரியான ஜெட்டைக் கண்டுபிடித்தாள். காலையில் சிம்பாங் பூலாய் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கார்புரேட்டர் ஊசியை ஒரு படி ஏற்றி, மறுபடி ஓட்டினாள். நான்கு ஞாயிறு ஆயிற்று. நான்காவது ஞாயிறு, எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டியதும் வண்டி வாயைத் திறந்து கத்திக்கொண்டு பாய்ந்தது. கை இரண்டும் நீண்டுவிட்டது போல இருந்தது. அண்ணன் இதற்காகத்தான் இதை வாங்கினான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதன் பிறகு, அதைவிட நான்கு அளவு சிறிய ஜெட் ஒன்றை வாங்கி மாட்டினாள்.

மாட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தோட்டத்து ரோட்டுக்குப் போனாள். எந்த இடத்தில் அவன் விழுவான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். பால்மரங்கள் எல்லாம் போய்ச் செம்பனை வந்திருந்தது. லயங்கள் இருந்த இடத்தில் புல். திடலிலிருந்து தூரத்தை அளந்துகொண்டே வந்தாள். இங்கே மூன்றாவது கியர், இங்கே நான்கு, இங்கே முழு த்ரோட்டல், இன்னும் ஒரு கிலோமீட்டர் சூடேறினால் இங்கே பிடிக்கும். அவள் பிரேக்கைப் போட்ட இடத்தில் ஒரு ரொட்டிக் கடை இருந்தது.

ரோட்டை ஒட்டித் தகரக் கூரை, ஐந்து பிளாஸ்டிக் மேசை. ஜொஹரா பீவி என்று பலகையில் பெயர். லாரிக்காரர்கள் இரண்டு பேர் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். ஜொஹரா பீவியே ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "சம்பல் கொஞ்சம் காரம் மா, பாத்து," என்றவள், கேட்காமலே இன்னொரு கரண்டி பருப்பும் ஊற்றினாள்.

"ஞாயித்துக்கெழமை தொறப்பீங்களாக்கா?"

"ஞாயித்துக்கெழமதான் கூட்டமே. அடுத்த வாரம் மோட்டார்க்காரவங்க வேற வாராங்களாம், பாக்கறதுக்கு ஆள் வருமுன்னு இன்னும் நாலு மேசை போடலாம்னு இருக்கேன்."

தினேஸ்வரி ரொட்டியைப் பிய்த்தபடி அந்த மேசைகள் வரப்போகும் இடத்தைப் பார்த்தாள். யுகேந்திரன்மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. அவன் கழுத்து முறிந்தால் அன்று இரவு நன்றாகத் தூங்குவாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிஸ்டன் பிடித்த வண்டி எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்? ஐயாவு சைக்கிளில் வீட்டுக்குத் தேங்காய் எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர். அன்றைக்கு அவன் செய்ததை இவள் செய்யப் போகிறாள்.

வீட்டுக்கு வந்து சின்ன ஜெட்டைக் கழற்றிச் சுத்தியலால் நசுக்கினாள். பழையதை மாட்டினாள். கோபம் அப்படியே இருந்தது. அதை எங்கே உட்காரவைப்பது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவளின் கண்ணில் முறிந்துபோன அந்தப் பின் மிதி பட்டது. அதை மட்டும் அவள் மாற்றாமலே விட்டிருந்தாள். மறுநாளே புது மிதி வாங்கிப் பூட்டினாள்.

ஊர்வல நாள் காலை ஒன்பது மணிக்குத் திடலில் எழுபது எண்பது வண்டிகள். தோட்டத்து ரோட்டின் இரண்டு முச்சந்தியிலும் கிளப் ஆட்கள் கொடி பிடித்து நின்று வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். யுகேந்திரன் மைக்கில் பழைய கதையைப் பாதிவரை சொல்லியிருந்தபோது தினேஸ்வரி வண்டியில் வந்து மேடைக்கு முன்னால் நின்றாள். எஞ்சினை அணைக்கவில்லை. அவன் கையுறையை மாட்டிக்கொண்டு மைக்கோடு இறங்கி வந்தான்.

"எறங்கு தினேஸ், நான் எடுக்கிறேன்."

அவள் அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "நான் பவித்ரன் தங்கச்சி," என்றாள். "அன்னைக்கு எங்கண்ணன் முன்னால, இவரு பின்னால. இவரே சொன்னாரு. அதனால இன்னைக்கும் இவரு பின் சீட்டுலதான் உக்காரணும்னு எனக்கு ஆசை. நான் ஓட்டுறேன்."

கூட்டம் கைதட்டியது. நான்கைந்து பேர் போனை உயர்த்திப் பிடித்தார்கள். யுகேந்திரனின் முகம் ஒரு மாதிரி ஆனது. சிரித்தான், சுற்றிப் பார்த்தான், வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான்.

முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாகத்தான் போனாள். அவன்கூட, "வண்டி நல்லா வந்திருக்கு," என்று காதருகே கத்தினான். ரொட்டிக் கடை மேசைகளைத் தாண்டும்வரை பொறுத்திருந்தாள். கடை பின்னால் போனதும் ஒரு கியர் இறக்கி த்ரோட்டலை முழுதாகத் திருகினாள். வண்டி கத்திக்கொண்டு பாய்ந்தது. அவன் கைகள் அவள் இடுப்புப் பட்டையைப் பற்றின. செம்பனை இரண்டு பக்கமும் பச்சைச் சுவராக ஓடியது. தூரத்தில் வளைவு தெரிந்தது. அங்கே இருந்த தோட்டத்துக் கேட்டின் சிமெண்ட் தூண் ஒன்று மட்டும் இன்னும் நின்றது.

"தினேஸ், போதும்."

அவள் திரும்பவில்லை.

"மெதுவா போ தினேஸ். மெதுவா போ."

தூண் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"த்ரோட்டல விடு! நாலாவது கியர்ல வராத இந்த வளைவுல, நான் நாலாவதுலதான் வந்தேன்!"

அவள் த்ரோட்டலை விட்டாள். இரண்டு கியர் இறக்கி, பிரேக்கைப் பிடித்து, வளைவை நிதானமாகத் தாண்டி ஓரத்தில் நிறுத்தினாள். அவன் இறங்கினான். புல்லில் உட்கார்ந்தான். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"பவியோட எடது சப்பாத்து. பின்னால பல்சக்கரத்துல மாட்டிக்கிட்டு கெடந்திச்சி. ஓட்டுறவன் காலு அங்க எப்படி போச்சி?"

அவன் அதைத் தொடவில்லை.

"கத்தினது அவன்தான்," என்றான் கடைசியில்.

"என்னா?"

"மெதுவா போடான்னு கத்தினது பவி. நான் இல்ல."

ஊர் ஊராக மேடை போட்டு அவன் சொன்ன வார்த்தை அது. அண்ணன் உயிரோடு கடைசியாகப் பேசியது. அவளுக்கு அவனை அந்தத் தூணில் முட்டிச் சாகடிக்கலாம் போல இருந்தது.

"செத்தவனுக்கு என்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன் தினேஸ். உள்ள தள்ளிருவாங்கன்னு பயம். எனக்கு இருவது வயசு."

"பவிக்கும் இருவது வயசுதான். எங்கப்பா அவன் பேரச் சொல்லாமலே செத்தாரு. ஏறு. வந்து மைக்குல சொல்லு. இல்லாட்டி நான் சொல்றேன், இத எல்லார் கையிலயும் குடுத்துப் பாக்கச் சொல்றேன்."

அவன் ஏறினான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முதுகில் அவன் அழுதுகொண்டே வந்தான். அந்த அழுகை அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மேடையில் அவன் நாலே வாக்கியம்தான் பேசினான். ஓட்டினது நான். பவித்ரன் பின்னால இருந்தான். ஐயாவுவ இடிச்சது நான். இத்தன வருசம் பொய் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த அவன் படம் போட்ட துணியைக் கிளப் ஆள் ஒருவன் அவிழ்த்துச் சுருட்டினான்.

அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து, யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவை அம்மாவிடம் காட்டினாள். ரப்பர் துண்டையும் கொடுத்தாள். மாரியம்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டு வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"பச்சையம்மாகிட்ட கூட்டிட்டுப் போ."

பச்சையம்மா சுங்கை சிப்புட்டில் மலிவு விலை அடுக்குமாடியில் முதல் தளத்தில் தனியாக இருந்தாள். கதவைத் திறந்தவள் மாரியம்மாவைப் பார்த்ததும் சாத்தப் போனாள். தினேஸ்வரி கதவைக் கையால் தாங்கிக்கொண்டு, வாசலில் நின்றபடியே வீடியோவை ஓடவிட்டாள்.

அது முடிந்த பிறகும் பச்சையம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா உன்னைய நெனச்சி நெனச்சிச் சபிச்சேன் மாரி. தீபாவளிக்குக்கூட எண்ண தேய்ச்சிக்கிட்டே சபிச்சேன். அதெல்லாம் இப்ப எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

"வைக்கிறதுக்கு ஆளு இருக்கான்," என்றாள் மாரியம்மா. "செருப்பப் போட்டுக்கிட்டு வா."

போலீஸ் நிலையத்தில் கவுண்டரில் இருந்த கோப்பரல் பொறுமையாகக் கேட்டார். இருபத்து நான்கு வருடத்துக் கேஸ், ஃபைல் இருக்கிறதோ இல்லையோ தெரியாது, பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்றார். தினேஸ்வரி ரப்பர் துண்டை மேசையில் வைத்தாள். "எழுதுங்க துவான். மத்தத நாங்க தொரத்திக்கிறோம்," என்று மலாயில் சொல்லி, தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

பின்னாலிருந்து பச்சையம்மா அவள் தோளைத் தட்டினாள்.

"மொதல்ல என் பேர எழுதச் சொல்லு. செத்தது என் புருசன்."

தினேஸ்வரி அட்டையை எடுத்துக்கொண்டு விலகினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். பச்சையம்மா உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் அப்பிய தன் அட்டையை எடுத்துக் கோப்பரல் முன்னால் வைத்தாள்.